நாலாவது ஆள்

சென்ற வாரம் பெரியவளை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மடிக்கணினியும் ஆறிப்போன காபியுமாக விட்டுவிட்டு வந்தோம். வழியில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காக ஒரு நாலு வரி.

அம்மா ஊருக்கெல்லாம் ‘கோச்’. நகராட்சி நீச்சல் குளத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கி, அழவைத்து, மெடலோடு கரையேற்றியவள். அந்தக் குளத்து கிளப்புக்குப் பெரியவள் கல்லூரி நாட்களில் ஒரு இணையதளம் செய்து கொடுத்திருந்தாள். அதை வைத்திருந்த கம்பெனி இப்போது கடையை மூடுகிறது. இன்று சாயங்காலத்தோடு தளம் போய்விடும். எல்லாப் பக்கங்களையும் அதற்குள் புது இடத்தில் சேர்க்கத்தான் பெரியவள் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். விசேஷத்துக்கு வந்தால்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காதவள். நேற்று மாலை தங்கை வாலு அவளுக்குப் போன் செய்து, “நாளைக்கு வர்றேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் இந்த வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷமாகிறது.

இனி, அந்த ‘நாளைக்கு’.

காலை வெயில் மேசைக்கு வந்திருந்தது. அம்மா பால்கனியில் துண்டுகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் அந்த வீட்டில் துண்டுகளுக்கு மட்டும் பஞ்சமில்லை.

பெரியவள் பழைய தளத்தைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தாள். கண்ணைக் குத்தும் நீலம். ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும் மீன். அடியில், எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எண்ணிக்கை காட்டும் கறுப்புப் பெட்டி.

“அம்மா, இந்த நம்பர் ஏறணும்னு நீயே திரும்பத் திரும்பத் திறந்து பாப்ப. ஞாபகமிருக்கா?”

“நான் எங்க பாத்தேன். உங்கப்பாதான்.”

“அப்பாவுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது.”

அம்மா துண்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ.

“புதுசுல மீன் இருக்குமா?”

“இருக்கும். ஆனா ஆடாது. இது ஸ்டாட்டிக் தளம்மா. முன்னாடியே எல்லாத்தையும் சமைச்சுப் பாத்திரத்துல எடுத்து வெச்சுடறது. யார் வந்தாலும் எடுத்துக் கொடுத்தா போதும். பழைய தளம் ஒவ்வொருத்தர் வரும்போதும் அடுப்பு பத்த வெச்சுது. அதான் அடிக்கடி படுத்துக்கிச்சு.”

பெரியவள் ஆஸ்பத்திரிகளுக்கும் வங்கிகளுக்கும் புரோகிராம் எழுதுகிறவள். அவளுக்குப் பிடித்த மொழி ஹாஸ்கெல். மகா கறாரான மொழி. எது எந்த வகை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேதி இருக்க வேண்டிய இடத்தில் பேர் வந்தால் ஒத்துக்கொள்ளாது. இல்லாத பக்கத்துக்கு வழி காட்டினால் ஒத்துக்கொள்ளாது. தப்பு இருக்கிற புரோகிராமை ஓடவிட்டு, பிறகு ஊர் சிரிக்கிற வேலையே கிடையாது. வாசலிலேயே மறித்துவிடும். எழுதியதைச் சரிபார்க்கிற அதன் கம்பைலருக்கு அவள் ஆபீசில் ‘மாமியார்’ என்று பேர்.

பழைய தளத்திலிருந்து எல்லாப் பேரையும் நேரத்தையும் உருவி, இந்த மொழியில் ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தாள். ரிலே பந்தயம் என்றால் என்ன என்பதை ஒரே வரியில் சொல்லியிருந்தாள். நீச்சல்காரர், நீச்சல்காரர், நீச்சல்காரர், நீச்சல்காரர். அவ்வளவுதான்.

ஓடவிட்டாள். திரை சிவந்தது. ‘நாலு கேட்டேன், மூணுதான் வந்திருக்கிறது’ என்கிற பொருளில் ஒரு செய்தி. எந்த வரி என்றும் காட்டியது.

வரியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கிளப் ஜெயித்த வருஷத்து இறுதிப்போட்டி. முதலில் நீந்தியவள் இன்று பல் டாக்டர். இரண்டாமவள் கப்பலில் வேலை பார்க்கிறாள். மூன்றாவது பெரியவளேதான். அவள் சுவரைத் தொட்டதும் தலைக்கு மேலே தாவிப் பறந்த நாலாவது ஆள், வாலு.

தங்கை காது ஆபரேஷனுக்குப் பிறகு நீச்சலே வேண்டாம் என்று வெளியூருக்கு வேலைக்குப் போனாள். அடுத்த வாரமே தளத்தில் அவள் பேர் இல்லை. பேரை மாற்றுவது எப்படி என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் பெரியவள்தான். தான் சொல்லிக் கொடுத்ததை வைத்தே அம்மா பெற்ற மகளை அழித்துவிட்டாள் என்பது அவளுக்கு ஆறவேயில்லை. கேட்டதற்கு அம்மா, “ஆமா, எடுத்தேன்” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அந்தத் தளத்தை விட்ட பெரியவள், இந்த வீட்டையும் பாதி விட்டாள்.

பழைய தளம் மூன்று பேரோடு ஒரு ரிலேயை இத்தனை வருஷம் முணுமுணுக்காமல் காட்டிக்கொண்டிருந்தது. மாமியார் முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டாள்.

“என்ன, நின்னுபோச்சா?” என்றாள் அம்மா, பின்னால் வந்து நின்று.

“ரிலேல ஆள் குறையுதாம்.”

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு, “மூணு பேருன்னே போட்டுடேன்” என்றாள்.

“மூணு பேர் நீந்தினா அது ரிலேயா? நீ கோச்தானே?”

“உன் புரோகிராம்தானே. சொன்னா கேக்காதா?”

கேட்கும். அதுதான் சங்கடம். எத்தனை பேர் இருந்தாலும் சரி என்று அந்த ஒரு வரியைத் தளர்த்தினால் போதும், எல்லாம் ஓடிவிடும். பெரியவளின் விரல் அந்த வரிக்குப் போய்த் திரும்பி வந்தது.

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. அவ வரட்டும்” என்று மடிக்கணினியை மூடினாள். “அவகிட்ட நீயே பேசு.”

அம்மா உலர்ந்த துண்டுகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

பெரியவள் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள். பஸ்ஸிலிருந்து வாலு கடைசி ஆளாக இறங்கினாள். ஒரே ஒரு தோள்பை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. முன்தலையில் நரை.

“என்னடி இது, எனக்கே இன்னும் வரல.”

“சாயம் அடிக்கிறவங்க பேசக்கூடாது அக்கா.”

பெரியவள் தானாகவே தங்கைக்கு வலது பக்கம் போய் நடந்தாள். இடது காது ஆபரேஷனிலேயே போய்விட்டது. அந்தப் பக்கம் இருந்து எதைச் சொன்னாலும் காற்றோடு போகும்.

குளத்தை ஒட்டித்தான் வழி. மதில் தாண்டி குளோரின் வாசனை வந்தது. இருவரும் சொல்லிவைத்தாற்போல் நடையைக் குறைத்தார்கள்.

அந்த வாசனையோடு எல்லாம் வந்தது. ரப்பர் தொப்பிக்குள் முடியைத் திணிக்கும்போது நெற்றித் தோல் இழுபடுவது. பவுடர் போட்டு உலர்த்திய தொப்பிகள் கொடியில் கிளிப் மாட்டித் தொங்குவது. பள்ளிக்கூடத்தில் ஈரப் பின்னல் சட்டை முதுகை நனைக்க, முதல் பீரியட் முழுக்கத் தூக்கம் கண்ணைச் சொருகுவது. வீடு திரும்புகிற காரில் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “திரும்பறப்ப சுவரை உதைக்கணும், தடவக் கூடாது” என்று பாடம் எடுக்க, பின் சீட்டில் இரண்டு பேரும் காலால் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டது.

“நம்மள ஒரு நாளாவது பொண்ணுங்கன்னு நினைச்சிருப்பாளா அம்மா?” என்றாள் பெரியவள். “எட்டாம் லேன், நாலாம் லேன், அவ்வளவுதான்.”

வாலு சிரித்தாள். “குளத்துக்குள்ள கோச். வெளியில வந்ததும் துண்டு போத்தி தலை துவட்டினது யாரு?”

“நீ ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசற?”

உள்ளே விசில் சத்தம் கேட்டது. வாலு தலையைச் சற்றுத் திருப்பி, வலது காதை மதில் பக்கம் கொடுத்து நின்றாள். பெரியவள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தாள்.

வீட்டு வாசலில் பெரிய ரகளை நடக்கும் என்று பெரியவள் தயாராகத்தான் வந்தாள். அம்மா கதவைத் திறந்தாள். சின்னவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இளைச்சுட்ட. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

அவ்வளவுதான். நேற்றுப் போய் இன்று வந்தவளிடம் பேசுகிற மாதிரி. சொல்லும்போது அம்மாவும் வலது பக்கம்தான் நின்றாள்.

சாப்பாடு முடிந்தது. பெரியவளால் அதற்கு மேல் பொறுத்திருக்க முடியவில்லை.

“அம்மா, நான் நேராவே கேட்டுடறேன். இன்னிக்குப் புதுத் தளம் போகணும். அந்த ரிலேல நாலாவது பேர் வேணும். நீ எடுத்த பேரை நீயே போடு. அவ முன்னாடியே போடு.”

அம்மா தட்டுகளை அடுக்கினாள். தலை நிமிரவில்லை.

“பாரு, இப்பவும் வாயைத் திறக்கல. பெத்த பொண்ணு நீச்சலை விட்டான்னு பேரையே அழிச்சுட்டு, இத்தனை வருஷம் இப்படியே...”

“அக்கா” என்றாள் வாலு.

“நீ இரு.”

“அக்கா. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை மூடினாள்.

“என்னது?”

“பேரை எடுக்கச் சொன்னது நான். ஆஸ்பத்திரில இருந்தப்ப, அம்மா பக்கத்துல உக்காந்திருந்தா. எடுத்துடும்மான்னு கெஞ்சினேன்.” வாலு தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அந்த ரேஸுக்கு முந்தியே எனக்குக் காதுல வலி. சீழ் வந்துது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அம்மா என்னை உக்கார வெச்சிருப்பா. நாலாவது ஆள் இல்லாம உங்க மூணு பேரோட உழைப்பும் போயிருக்கும். பஞ்சை வெச்சு அடைச்சுக்கிட்டு குதிச்சுட்டேன்.”

“அப்புறம்தான் ஆபரேஷனா?”

“ஜெயிச்சு மேல வந்ததும் ஸ்டாண்டுல எல்லாரும் கத்தினாங்க இல்ல? ரெண்டு காதாலயும் நான் கடைசியா நல்லாக் கேட்ட சத்தம் அதுதான். தளத்துல அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அந்தச் சத்தம் வந்துடும். பொறுக்க முடியல அக்கா. நான் அங்க இல்லவே இல்லைன்னு ஆயிட்டா தேவலைன்னு இருந்துது.”

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா இது?”

“ஆஸ்பத்திரிலதான் சொன்னா. கோச் நான். தொப்பி மாட்டும்போது முகத்தைச் சுளிச்சா. பதட்டம்னு நினைச்சேன். என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“அதை விடு. என்கிட்ட ஏன் சொல்லல? நான் வந்து கத்தினப்ப, ஆமா எடுத்தேன்னு ஏன் நின்ன?”

“சொல்லாதேன்னு இவ கேட்டா.”

“நான் உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசியே எத்தனை வருஷமாச்சு. பரவாயில்லையா உனக்கு?”

அம்மா ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக.

“உனக்கு அப்ப யார் மேலயாவது கோபப்படணும். தெரிஞ்சிருந்தா இவ மேல பட்டிருப்ப, ஏண்டி மறைச்சேன்னு. உங்கப்பாவும் போனப்புறம், அன்னிக்கு இவளுக்கு நம்ம ரெண்டு பேரை விட்டா யாரு இருந்தா? என் மேல பட்டா நான் தாங்கிக்குவேன்.”

வாலு நிமிர்ந்தாள். “நீங்க பேசிக்கறதில்லையா? அதுக்காகவா? அம்மா, நீ போன்ல ஒரு தடவைகூட சொல்லலையே.”

“போன்லயா?” என்றாள் பெரியவள்.

“ஞாயித்துக்கிழமை ஆனா பேசுவோம்.”

பெரியவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். கொடியில் இன்னும் ஒரு துண்டு கிடந்தது. ஓரம் நைந்த பச்சைத் துண்டு, சின்ன வயதில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விட்டதற்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். அம்மாவின் பிறந்தநாள்களுக்கு அனுப்பாத வாழ்த்து, எடுக்காமல் விட்ட போன், காரியம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அவசரம் என்று ஒவ்வொன்றாக வந்து போனது.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

“சரி. வாலு, நீயே சொல்லு. பேர் போடவா, வேண்டாமா?”

“வேண்டாம் அக்கா. இப்பவும் வேண்டாம். அம்மா சொன்ன மாதிரி மூணு பேர்னு...”

“அது முடியாது. நாலு பேர் நீந்தினோம். பொய் எழுத மாட்டேன்.” பெரியவள் நெற்றியைத் தேய்த்தாள். “இரு. இந்த மொழியில ஒரு சௌகரியம் உண்டு. நீச்சல்காரர்னா யாருன்னு நான்தானே சொல்றேன். இப்ப பேர் உள்ளவர் மட்டும்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு விதம்னு மாத்தறேன். ஒண்ணு, பேர் உள்ளவர். இன்னொண்ணு, பேர் வேண்டாம்னு கேட்டவர்.”

“ரெண்டும் நீச்சல்காரர்தானா?” என்றாள் அம்மா.

“ரெண்டும் நீச்சல்காரர்தான்.”

எழுதினாள். நாலாவது இடத்தில் அந்த இரண்டாவது விதத்தை வைத்தாள். ஓடவிட்டாள். மறுபடி திரை சிவந்தது, இந்த முறை பக்கம் பக்கமாக.

“ஐயையோ, கெட்டுப்போச்சா?” என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இல்லம்மா. கேள்வி கேக்குது. பேர் வேண்டாம்னு கேட்டவரை இந்தப் பக்கத்துல எப்படிக் காட்டணும், அந்தப் பக்கத்துல எப்படிக் காட்டணும்னு. ஒரு இடம் விடாது. எல்லாத்துக்கும் பதில் சொன்னாத்தான் வழி விடும்.”

மூவரும் மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெரியவள் கேள்வியைப் படித்தாள். வாலு பதில் சொன்னாள்.

“அகரவரிசைப் பட்டியல்ல?”

“வேண்டாம். விட்டுடு.”

“சாதனைப் பக்கத்துல நேரம் இருக்கு. அது கிளப்போட சாதனை, இன்னும் யாரும் முறியடிக்கல.”

“யாரும் முறியடிக்கலையா?” வாலுவின் குரல் மாறியது. “நேரம் இருக்கட்டும். பேர் வேண்டாம்.”

“போட்டோ. நீ தாவற படம். கீழ என்ன எழுத?”

படம் திரையில் வந்தது. சுவரைப் பிடித்தபடி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் பெரியவள். அவளுக்கு மேலே, காற்றில் நீளமாக ஒரு பெண். முகம் தெரியவில்லை, கைகளுக்கு நடுவே புதைந்திருந்தது.

“என் மூஞ்சியைப் பாரு, கரையில போட்ட கெண்டை மாதிரி” என்றாள் பெரியவள்.

வாலு வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு மிக அருகில் குனிந்தாள். “காலைச் சேத்து வெச்சிருக்கா பாரு. எத்தனை தடவை கத்தியிருப்பேன். அன்னிக்குச் சரியாப் பண்ணியிருக்கா.”

“நாலாவது ஆள் தாவும்போதுன்னு எழுது அக்கா. அது போதும்.”

கடைசியாக அந்த ரிலே பக்கம் வந்தது. மூன்று பேர்கள், அடியில் நாலாவது வரி.

“இங்க, ‘பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்’னு வரும். உனக்குச் சம்மதம்தானே?”

“படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“ஒருத்தி இருந்தா, நீந்தினான்னு நினைப்பாங்க.”

வாலு அந்த வரியை உதடசையப் படித்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

ஓடவிட்டாள். திரை சிவக்கவில்லை. பக்கங்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டு விழுந்தன. புது இடத்துக்கு அனுப்பி, தன் போனிலேயே திறந்து அம்மாவிடம் கொடுத்தாள் பெரியவள். அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ரிலே பக்கத்தில் நின்று, மெதுவாக வாய்க்குள் எண்ணினாள்.

“நாலு பேர் இருக்காங்க” என்றாள், யாரிடமோ ஒப்புவிப்பவள் போல. பிறகு எழுந்து செருப்பைத் தேடினாள். “குளத்துல சாயங்கால பேட்ச் ஆரம்பிச்சிருக்கும். புதுசா வந்த கோச் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. யார் வர்றீங்க?”

மூன்று பேருமே போனார்கள்.

குளக்கரை சிமெண்ட் பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். எதிர்க்கரையில் அம்மா அந்த இளம் கோச்சிடம் கையை வீசி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் பணிவாகக் கேட்பதுபோல் நின்றார். பிள்ளைகள் தொப் தொப் என்று விழுந்துகொண்டிருந்தார்கள். கத்தல், சிரிப்பு, விசில், கூரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி.

வாலு கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்தச் சத்தம் பிடிக்காதுன்னு சொன்னியே” என்றாள் பெரியவள்.

“இப்ப அதைக் கேக்கத்தான் வந்தேன்.” கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “இந்தக் காதும் குறைஞ்சுகிட்டு வருது அக்கா. டாக்டர் எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கறார். கடையில கூப்பிட்டா எனக்குத் தெரியறதில்ல. முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவை இங்க வந்து உக்காரணும்னு தோணுச்சு.”

பெரியவள் திரும்பி எதிர்க்கரையைப் பார்த்தாள். “அம்மாவுக்கு?”

“தெரியாது. ஞாயித்துக்கிழமை சரியாக் கேக்கலைன்னா, லைன் சரியில்லம்மான்னு சொல்லிடுவேன்.”

அம்மா பேச்சை முடித்துக்கொண்டு, ஈரத்தரையில் பாதம் பார்த்து வைத்து, குளத்தைச் சுற்றி அவர்களை நோக்கி வர ஆரம்பித்தாள்.

பெரியவள் தங்கையின் வலது பக்கம் குனிந்தாள். “இந்தத் தடவை யாரும் யாருக்காகவும் மறைக்க வேண்டாம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

வாலு கண்ணைத் திறந்தாள். அம்மா பாதி தூரம் வந்திருந்தாள்.

“நானே சொல்றேன்” என்றாள். அக்காவை இடித்து நகர்த்திவிட்டு, இருவருக்கும் நடுவில், தன் வலது பக்கமாக, அம்மா உட்கார இடம் விட்டாள்.